பந்து இல்லாத பக்கம்

ஆர்.எஸ்.புரத்தில் ஓர் எலும்பு மருத்துவரின் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவள் பிரவீனா. வருகிறவர்களிடம் அவள் பேசுவது பெரும்பாலும் ஒரே பேச்சுதான். இப்படித் திரும்புங்க, கையை இங்கே வைங்க, அசையாமல் இருங்க, அவ்வளவுதானுங்க. சொல்லிவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்துவாள். முனகிக்கொண்டே வந்தவர்கள்கூட அந்த ஒரு நொடி மூச்சடங்கி நிற்பார்கள். அந்த நொடி அவளுக்குப் பிடிக்கும். பிறகு திரையில் எலும்புகள் வெளிறித் தோன்றும்போது அவள் வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் சுந்தரராஜுலு வாசலில் வந்து நின்று, எந்த ஊருக்குப் போயிருக்கீங்க பிரவீனா என்று கேட்ட பிறகுதான் திரும்பி வருவாள்.

அவள் போய்வரும் ஊர் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பொழுதோடு, வெயில் தாழும் நேரத்தில், நகரத்தின் ஏதாவது ஒரு கல்லூரி மைதானத்தில், கோட்டுக்கு வெளியே சப்பணமிட்டு உட்கார்ந்து பெண்கள் கால்பந்தைப் படம் பிடிப்பாள். அங்கே அவளை யாரும் திரும்ப அழைப்பதில்லை.

பிரவீனா பிறந்தது மதுக்கரையில். அப்பா அங்கப்பனுக்கு லாரியில் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற வேலை. அம்மா மயிலாத்தாள் தோட்டங்களுக்குக் களையெடுக்கப் போவாள். மகளுக்குத் தூரப் பார்வை இல்லை என்பது ஏழாம் வகுப்பு வரை இருவருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. உலகம் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். மலை என்றால் ஒரு நீலக் கறை. வேம்பு என்றால் பச்சைப் பஞ்சு. இருட்டத் தொடங்கும்போது பாலக்காட்டுச் சாலையில் வரும் லாரிகளின் விளக்குகள் பெரிய பெரிய மஞ்சள் வட்டங்களாக மிதந்து வரும். ஒன்றின் மேல் ஒன்று படிந்து, நடுவில் ஆரஞ்சாகி, மெல்லப் பிரிந்து போகும். தெருமுனையில் திரும்புகிற பெண் அம்மாதான் என்பதைச் சேலையின் நிறத்திலும் நடையிலும் கண்டுகொள்வாள். முகம் என்பது பக்கத்தில் வந்தவர்களுக்கு மட்டும் இருக்கிற ஒன்று.

பள்ளியில் எறிபந்து ஆடச் சொன்னார்கள். பந்து அவளைப் பொறுத்தவரை காற்றிலிருந்து திடீரென்று முளைப்பது. ஒருநாள் மூக்குக்கு நேராக முளைத்தது. சட்டையெல்லாம் ரத்தமாக நின்றவளை உட்காரவைத்து, விளையாட்டு ஆசிரியை தூரத்தில் இரண்டு விரலைக் காட்டிக் கேட்டார். பிரவீனா, உங்க கை எங்கே இருக்குதுங்க டீச்சர் என்று கேட்டாள். அடுத்த வாரமே கண்ணாடி வந்துவிட்டது.

கண்ணாடி போட்ட முதல் நாள் வேம்பில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாக ஆடுவதைப் பார்த்துப் பள்ளிக்கூடம் போகவே மறந்து நின்றாள். ஆனால் அன்று பொழுது சாய்ந்ததும் சாலைக்கு ஓடினால், லாரி விளக்குகள் வெறும் லாரி விளக்குகளாக வந்தன. வட்டங்களைக் காணோம். அதற்காக அவள் அழுதாள். எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே எதற்காக அழுகிறாள் என்று மயிலாத்தாளுக்கு விளங்கவில்லை.

படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, பம்ப்செட் கம்பெனியில் அசெம்பிளி பார்க்கும் கதிரேசனைக் கட்டிக்கொண்டு சுந்தராபுரத்தில் குடியேறினாள். அவன் கம்பெனியின் விளையாட்டு விழாவுக்கு ஒரு வருடம் போட்டோக்காரர் வரவில்லை. எக்ஸ்ரே எடுக்கிறவர்தானே, இதையும் எடுங்க என்று யாரோ விளையாட்டாக அவள் கையில் ஒரு கேமராவைத் திணித்தார்கள். கயிறிழுக்கிறவர்களின் முகங்களை அன்று அவள் எடுத்த படங்கள் கம்பெனி முழுக்கச் சுற்றின. பிறகு பழைய கேமரா ஒன்றை வாங்கினாள். பந்து எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே வளர்ந்தவளுக்கு, பந்து வருவதைக் கண்ணாடி வழியாக முன்கூட்டியே பார்ப்பதில் ஒரு தீராத ஆசை இருந்தது.

அந்த ஆசைதான் அவளைப் பெண்கள் லீக்குக்குக் கொண்டுவந்தது. கணபதியில் வார்ப்படத் தொழிற்சாலை வைத்திருக்கும் கிருபாசங்கர் அதை நடத்திவந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்து தொழிலுக்கு வந்தவர். தன் மகள் கால்பந்து ஆட ஆரம்பித்ததும் ஊரில் பெண்களுக்கு ஒரு லீக்கே இல்லை என்று தெரிந்து, தானே ஒன்றைத் தொடங்கிவிட்டார். அதட்டிப் பேசாத மனிதர். ஆனால் படங்களில் கோல் இருக்க வேண்டும். கோல் விழுந்த படம் பேப்பரில் வரும், பேப்பரில் வந்தால் அடுத்த வருடம் நாலு பேர் உதவ வருவார்கள் என்பது அவர் கணக்கு. அதில் தப்பும் இல்லை.

சங்கடம் வெளிச்சத்தில் இருந்தது. வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். இரண்டாம் பாதி முழுவதும் மங்கலில் நடக்கும். பிரவீனாவின் கேமராவோடு வந்த லென்ஸ் பகலுக்குத்தான் சரி. மங்கலில் அது தடுமாறும். ஓடுகிற கால் புகையாக இழுபடும், உதைத்த பந்து முட்டையாக நீளும். வேகமான லென்ஸ் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் லென்ஸ் எங்கோ ஓடுவது போலத் தோன்றும். உண்மையில் அதற்கு வாய் அகலம், அவ்வளவுதான். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் ஒரே மடக்கில் குடித்துவிடும். அதனால் ஷட்டர் கண் இமைப்பதற்குள் திறந்து மூடலாம். ஓடுகிற கால் ஓடுகிற நிலையிலேயே நிற்கும். சீசன் முடிவதற்குள் அப்படி ஒன்றைப் பார்த்துவிடுங்க என்று கிருபாசங்கரும் சொல்லியிருந்தார்.

காந்திபுரத்தில், டவுன் பஸ்களின் ஹாரன் ஓயாமல் ஏறிவரும் ஒரு மாடியில் ரிஃபானாவின் கடை. கேமராவும் லென்ஸும் வாடகைக்குத் தருவாள். பழையதை வாங்கி விற்பாள். பிரவீனாவைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். வருகிறவர்கள் லென்ஸைக் கையில் எடுக்கும் விதத்தைப் பார்த்தே யார் வாங்குவார், யார் வேடிக்கை பார்ப்பார் என்று சொல்லிவிடுவாள். அன்று அவள் மேசைமேல் இரண்டு லென்ஸ்களை எடுத்துவைத்தாள்.

ஒன்று எழுபது மில்லிமீட்டரிலிருந்து இருநூறு வரை போகும் ஜூம். புதியது. பக்கத்தில் வருகிறவளையும் எடுக்கலாம், கொஞ்சம் தள்ளிப் போகிறவளையும் இழுக்கலாம். விளையாட்டு எடுக்கிறவர்களில் பாதிப் பேர் கையில் இதுதான் என்றாள் ரிஃபானா. மற்றது முந்நூறு. ஜூம் போல முன்னும் பின்னும் போகாது. முந்நூறு என்றால் முந்நூறுதான். யானைத் தந்தத்தின் நிறத்தில், ஓரமெல்லாம் பெயிண்ட் உரிந்து, ஒரு கைக்குழந்தையின் எடையில் இருந்தது. மலையில் பறவை பார்க்கிற ஒருவர் பத்திரமாக வைத்திருந்து விற்றுவிட்டுப் போனது. இரண்டுக்கும் வாய் ஒரே அகலம். முந்நூறு பழையதாகவும் ஜூம் புதியதாகவும் இருந்ததால் விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நின்றது. அதைச் சாக்கிட்டு ஒன்றை ஒதுக்கவும் வழியில்லை.

"வாங்கறத அப்பறம் பாத்துக்கலாம்க்கா. ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, ஒரு வாரம் இதுல எடுங்க, அடுத்த வாரம் அதுல எடுங்க. எதைத் திருப்பிக் குடுக்க மனசு வரலியோ அதை வெச்சுக்கங்க" என்றாள் ரிஃபானா.

முதல் ஞாயிறு ஜூமோடு போனாள். அது சொன்னதைக் கேட்டது. பெண்கள் பக்கவாட்டில் பாய்ந்து வந்தபோது பின்வாங்கி முழு உருவத்தையும் பிடித்தது. கோல் அருகே கூட்டமாகத் துள்ளியபோது நெருங்கிப் போய்த் தலையையும் பந்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. இருட்டும் நேரத்தில்கூட ஜெர்சியின் எண்கள் பளிச்சென்று இருந்தன. இரண்டு கோல்களும் கிடைத்தன. கிருபாசங்கர் அன்றைக்கே போன் செய்து, இப்பத்தானுங்க நம்ம லீக்கு ஒரு லீக்கு மாதிரி இருக்குது என்றார். பிரவீனாவுக்கும் சந்தோஷம்தான். நல்ல வேலைக்காரியிடம் ஏற்படுகிற நிம்மதி. படுத்ததும் தூங்கிப்போனாள்.

அடுத்த ஞாயிறு முந்நூறு. கதிரேசன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். இறங்கியதும் பையைத் தரையில் வைக்க மனமில்லாமல் கையில் ஏந்திக்கொண்டு, கொழந்தையாட்டம் கனக்குது அம்மணி என்றான். அதைத் தாங்குவதற்குத் தரையில் ஊன்றும் ஒற்றைக் கால் தண்டு ஒன்றையும் ரிஃபானா கொடுத்திருந்தாள். பிரவீனா வழக்கம்போல மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, வெளியே உட்கார்ந்தாள்.

ஆட்டம் தொடங்கியதும் தவித்துப்போனாள். பந்து பக்கத்தில் வந்தால் லென்ஸுக்குள் ஒரு முழங்கால் மட்டும் இருந்தது. அடுத்ததில் ஒரு காது. அதற்கடுத்ததில் யாருடையதோ பின்னல். இந்த லென்ஸால் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கவே முடியாது. கொஞ்ச நேரம் போராடிவிட்டு, சரி, இது எதைப் பார்க்குமோ அதையே பார்ப்போம் என்று அதன் மூக்கைத் தூரத்துக்குத் திருப்பினாள்.

அங்கே, மைதானத்தின் கோடியில், ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள்.

மஞ்சள் ஜெர்சி போட்ட கோல்கீப்பர். பெயர் பூஜிதா என்பதும், கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கல்லூரியில் படிப்பவள் என்பதும் பிரவீனாவுக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்போது அவள் வெறும் ஓர் உருவம். ஆனால் அந்த உருவத்தைச் சுற்றியிருந்த எல்லாம் உருகிப் போயிருந்தது. பின்னால் இருந்த வாகைமரங்கள் பச்சைப் பஞ்சாகக் கலைந்திருந்தன. அதற்கும் அப்பால் சாலையில் போன வண்டிகளின் விளக்குகள் பெரிய பெரிய வட்டங்களாக மிதந்தன. ஒன்றின் மேல் ஒன்று படிந்து, நடுவில் ஆரஞ்சாகி, மெல்லப் பிரிந்தன. பிரவீனா கண்ணை எடுக்கவில்லை. எத்தனையோ வருடங்களுக்கு முன் தொலைந்ததை யாரோ துடைத்து எடுத்து வந்து கண்ணருகே பிடித்தது போல இருந்தது. அதன் நடுவில் அந்தப் பெண் மட்டும் இமை மயிர் தெரிகிற மாதிரித் துலக்கமாக நின்றாள். சின்ன வயதில் முகங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே இருந்தன. இப்போது அவ்வளவு தூரத்தில் ஒரு முகம்.

பந்து மறு கோடியில் இருந்தது. அங்கே என்னமோ கூச்சல். பூஜிதா தனக்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு நடந்தாள். குதிகாலால் தரையில் ஒரு கோடு கிழித்தாள். மேலே போன கொக்குக் கூட்டத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு பாட்டுக்குத் தலையாட்டுவது போலத் தலையாட்டினாள். பந்து இருக்கிற இடத்தில் இருபது பேர் ஓடிக்கொண்டிருக்க, பந்து இல்லாத இந்தப் பக்கத்தில் வேறொரு ஆட்டம் மெதுவாக நடந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் இதைப் பார்க்காமல் எப்படி இருந்தோம் என்று பிரவீனா நினைத்தாள். கோல் விழுந்த சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

படம் படமாக எடுத்துக்கொண்டே போனபோது ஒன்று அவள் கண்ணை உறுத்தியது. யாரும் பார்க்காதபோது பூஜிதா தன் இடது கையைக் கொண்டுபோய் வலது அக்குளில் செருகிக்கொண்டாள். பந்து நடுக்கோட்டைத் தாண்டி வந்தவுடன் எடுத்துவிட்டாள். பந்து போனதும் மறுபடி செருகினாள். கை வெளியே இருக்கும்போதும் கட்டைவிரலை மட்டும் அசைக்காமல் உள்ளங்கையோடு ஒட்டிவைத்திருந்தாள். கையை அப்படி வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பிரவீனா வாரத்துக்கு இரண்டு பேராவது பார்ப்பாள். கிளினிக்கின் பெஞ்சில், முகத்தில் ஒன்றுமே இல்லாதது போல உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்குக் கனவு கலைந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பிரவீனா மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனாள். பூஜிதா வலது கையாலும் பல்லாலும் இடது கிளவுஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எப்போதிருந்து வலிக்கிறது என்று பிரவீனா கேட்டதும் அவள் முகம் மாறியது. வலி ஒன்றும் இல்லை என்றாள். பிரவீனா எதிர்வாதம் செய்யாமல் கேமராவின் திரையை அவள் பக்கம் திருப்பி ஒவ்வொரு படமாகத் தள்ளினாள்.

பூஜிதா கையைப் பார்க்கவில்லை. தன்னைப் பார்த்தாள். கோடு கிழிக்கிறவளை, கொக்குப் பார்க்கிறவளை, தலையாட்டுகிறவளை. நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"என்னைய யாரும் இப்புடி எடுத்ததில்லீங்கக்கா. நான் போட்டாவுல வந்தா, பந்து வலைக்குள்ள கெடக்கும், நான் மண்ணுல கெடப்பேன். அதுதான் நானு."

அதன் பிறகு மெதுவாக எல்லாம் வந்தது. போன மாதம் பயிற்சியில் கை ஊன்றி விழுந்ததும், வீட்டில் எண்ணெய் போட்டு நீவியதும், வீக்கம் வடிந்ததால் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டதும். அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி. அதைப் பார்க்கப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருகிறார்கள். கோச்சிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் கண்ணு. சொல்றதுன்னா நீதான் சொல்லோணும்" என்றாள் பிரவீனா. "நாளைக்குக் கிளினிக்குக்கு வா. உள்ள என்ன இருக்குதுன்னு நீயே பாரு. அப்பறம் உம்பட இஷ்டம்."

அன்று இரவு, அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டுக் கிருபாசங்கர் போன் செய்தார். மூன்று கோல் விழுந்திருக்கிறது, ஒன்றுகூடப் படத்தில் இல்லையே என்று வருத்தமாகக் கேட்டார். புது லென்ஸ் பழகவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பிரவீனா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேனுங்க என்று உள்ளதைச் சொன்னாள். சரிங்க, ஃபைனலுக்கு மிதுன்னு ஒரு தம்பியையும் கூப்பிட்டுக்கறனுங்க, நீங்க தப்பா எடுத்துக்கப்படாது என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த சீசனிலிருந்து அந்தத் தம்பிதான் எடுப்பான் என்பது அந்தக் குரலிலேயே இருந்தது.

திங்கட்கிழமை மதியம் பூஜிதா வந்தாள். பிரவீனா அவள் கையைத் தகட்டின்மேல் சாய்த்துவைத்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்ல வளைத்தபோது அவள் உதட்டைக் கடித்தாள். அசையாம இரு கண்ணு, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுச் சுவருக்குப் பின்னால் போனாள். திரையில் கை வந்தது. கட்டைவிரலுக்கு அடியில் முந்திரிப்பருப்பு அளவில் ஓர் எலும்பு உண்டு. அதன் இடுப்பில் மயிரிழைபோல ஒரு கருங்கோடு ஓடியிருந்தது. பிரவீனா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது டாக்டர் சொல்ல வேண்டியது.

சுந்தரராஜுலு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தைக் காட்டி நிதானமாக விளக்கினார். இந்த எலும்புக்கு ரத்தம் குறைவாகத்தான் போகும்; அதனால் பொறுமையாகத்தான் கூடும். இப்போது கட்டிவிட்டால் கூடிவிடும். இதோடு இன்னொரு ஆட்டம் ஆடினால், கூடாமலே போய்விடலாம். பிறகு பந்து பிடிப்பது இருக்கட்டும், குடம் தூக்குவதே கஷ்டம். பூஜிதா கேட்ட கேள்வி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை கட்டிக்கொள்ளலாமா என்றாள். அவர் படத்திலிருந்த கருங்கோட்டை மறுபடி விரலால் தொட்டுக்காட்டினார். அவள் கொஞ்ச நேரம் திரையிலிருந்த தன் எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து வெளியே போய் நின்று, கோச்சிடம் தானே பேசினாள்.

மாவுக்கட்டு காயும்வரை பிரவீனா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மனதில் ஒரு முள் இருந்தது. எக்ஸ்ரே அறைக்கு வருகிறவர்கள் தங்களுக்குள்ளே பார்க்கச் சொல்லித் தாங்களே கையை நீட்டுகிறார்கள். மைதானத்தில் இந்தப் பெண் யாரிடமும் நீட்டவில்லை. தனியாக இருக்கிறோம் என்று நம்பி ஒளித்துவைத்ததை அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்துவிட்டோமே என்று இருந்தது. அதையே கேட்டாள்.

"நான் பாத்தது உனக்குக் கோவமா?"

பூஜிதா யோசித்தாள். "ஃபைனல் போச்சேன்னு கோவமுங்கக்கா. பாத்ததுக்கு இல்லீங்க. அந்தக் கோடியில நிக்கறப்ப, ஆட்டம் எங்கயோ வேற ஊர்ல நடக்கறாப்பல இருக்கும். நான் இருக்கறதே யாருக்கும் தெரியாது. ஒருத்தங்க பாத்துட்டே இருந்தீங்கன்னு தெரிஞ்சப்ப, வலிச்சுது, ஆனா நல்லாவும் இருந்துச்சுங்க."

இரண்டில் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் ரிஃபானாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கதிரேசனிடம் கேட்டாள். ஜூம் வாங்கினால் லீக் கையை விட்டுப் போகாது, கல்யாணம் காட்சிக்கும் ஆகும் என்று அவன் சொன்னான். சொல்லிவிட்டு, ஆனா அதை எடுத்துட்டுப் போன அன்னைக்கு நீ ஊட்டுக்கு வந்து அதைப் பத்தி ஒரு வார்த்த பேசலியே என்றான். முந்நூறை எடுத்துப்போன அன்று அவள் சோறு ஆறுகிற வரைக்கும் கொக்குகளைப் பற்றியும் வாகைமரங்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்ததை அவளே அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

ரிஃபானா ஜூமை வாங்கி அலமாரியில் வைத்தாள். எதற்காக என்று கேட்கவில்லை. விளையாட்டுக்கு அதுதானே வசதி என்று மட்டும் சொன்னாள். வசதிதான் என்று பிரவீனாவும் ஒத்துக்கொண்டாள். ஜூம் எங்கே வேண்டுமானாலும் போகும். அவள் கண் சொன்ன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே வரும். முந்நூறு ஓரிடத்தில் நின்றுகொண்டு, இதைப் பார், இன்னும் கொஞ்சம் பார் என்று அவளை நிறுத்திவைக்கும். தனக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கடையில் நின்றுகொண்டு சொல்லத் தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் பஸ் கூட்டத்தில் கலந்தாள்.

இறுதிப் போட்டி அன்று மேகமூட்டம், அவ்வப்போது தூறல். மிதுன் ஒரு ஜூமோடு வந்து கோலுக்குப் பின்னால் சுறுசுறுப்பாக இடம் பிடித்துக்கொண்டான். பிரவீனாவுக்கு அது பாரம் இறங்கியது போல இருந்தது. பந்தை அவன் பார்த்துக்கொள்வான். அவள் வேறு கோணத்தில், மைதானத்தின் குறுக்கே எதிர்ப்பக்கத்து பெஞ்சைப் பார்க்க வசதியாக உட்கார்ந்தாள். பெஞ்சின் கடைசியில் பூஜிதா, கழுத்தில் தொங்கும் கட்டோடு. கோலில் நின்றது அவளைவிடக் குட்டையான, வெலவெலத்துப்போன ஒரு மாற்றுக் கீப்பர். பூஜிதா முதல் பாதி முழுவதும் அவளுக்கு எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். பக்கம் சொன்னாள், ஆள் சொன்னாள். தொண்டை கட்டிய பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனது. கூட்டம் முழுவதும் எழுந்து ஒரு கோலை நோக்கிச் சாய்ந்தது. பிரவீனா திரும்பவில்லை. லென்ஸுக்குள் பூஜிதா இருந்தாள். எதிரணிப் பெண் பந்தை நோக்கி ஓடத் தொடங்குவதை அவள் கண்ணில் பார்க்க முடிந்தது. கால் பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால், பெஞ்சில் உட்கார்ந்தபடியே பூஜிதாவின் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது; கட்டுப் போட்ட கைகூடக் கழுத்துத் தூளியில் ஓர் அங்குலம் எழும்பியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்த உதைக்கு வலப்பக்கம் சாய்ந்தாள். அதற்கடுத்ததற்கு அசையாமல் நிமிர்ந்தாள். ஒவ்வொரு முறையும் அவள் பாய்ந்துகொண்டிருந்தாள், அரை அடிகூட நகராமல். பின்னால் குடை பிடித்த கூட்டம் சாயங்களாகக் கரைந்து நின்றது. படம் எடுக்கிறோமா, மூச்சுவிடுகிறோமா என்றே பிரவீனாவுக்குத் தெரியவில்லை.

மாற்றுக் கீப்பர் ஒன்றைத் தடுத்தாள். போதவில்லை. பூஜிதாவின் அணி தோற்றது. பெண்கள் மைதானத்தில் உட்கார்ந்து அழுதார்கள். பூஜிதா அழவில்லை, போய் அந்தக் குட்டைப் பெண்ணின் தலையை ஒற்றைக் கையால் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பிரவீனா எடுக்கவில்லை. கேமராவை இறக்கிவிட்டாள்.

மறுநாள் மிதுனின் படங்கள் பேப்பரில் நன்றாக வந்திருந்தன. பிரவீனா பெஞ்சுப் படங்களை மட்டும் கிருபாசங்கருக்கு அனுப்பினாள். அவர் தன் வார்ப்படச் சாலையில் உட்கார்ந்து அவற்றை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார். எதிரணியின் ஒவ்வொரு உதைக்கும் பந்து எந்தப் பக்கம் போனது என்று மிதுனின் படங்களோடு வைத்துப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் சரியான பக்கம் சாய்ந்திருந்தாள்; நடுவில் வந்ததற்கு நிமிர்ந்திருந்தாள்.

"பேப்பருக்கு இது ஆகாதுங்க" என்றார். "ஆனா அந்த செலக்சன்காரங்களுக்கு நான் அனுப்பிச்சுப் போட்டனுங்க. இந்த வருசம் இல்லீன்னா அடுத்த வருசம் பாக்கட்டும்."

அவர்கள் பார்த்தார்களா என்பது தெரியவில்லை. பதில் எதுவும் வரவில்லை. லீக்கின் படங்களை மிதுனே எடுக்கத் தொடங்கினான். பிரவீனா யாரும் கூப்பிடாமலே போனாள். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, மாற்று ஆட்டக்காரிகளையும், கொடி பிடிக்கிறவர்களையும், பந்துக்காகக் காத்திருக்கிறவர்களையும் எடுத்தாள். ஆட்டம் முடிந்ததும் பெண்கள் வந்து கேமராவைச் சுற்றிக்கொள்வார்கள். நான் இப்புடியா நிக்கறேன் என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வார்கள்.

மார்கழியில் பூஜிதாவின் கட்டைப் பிரித்தார்கள். கை சூம்பி, வெளுத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. டாக்டர் சொன்ன பயிற்சிகளை முடித்துவிட்டு, மாதம் முடியும் தறுவாயில் ஒரு விடியற்காலை மைதானத்துக்குப் போகிறேன், வாரீங்களாக்கா என்று போன் செய்தாள். பிரவீனா போனபோது பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வந்த பனி மைதானத்தை மூடியிருந்தது. கோல் கம்பங்கள்கூடத் தெரியவில்லை. லென்ஸைத் திருப்பினால் அது எதையும் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் முனகிக்கொண்டு தேடியது. பிரவீனா கேமராவை நிறுத்திவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

பனிக்குள்ளிருந்து யாரோ பந்தை உதைக்கும் சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே, பந்து இரண்டு உள்ளங்கைகளுக்குள் வந்து அடங்கும் சத்தம். மறுபடி உதை. மறுபடி அடங்கல். ஸ்கூட்டரில் கூட்டிவந்த கதிரேசன், சைக்கிள் டீக்காரரிடம் வாங்கிவந்த டீயை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.